வீண்பழியும் மெய்க்காரணமும்

ஓர் ஊரில் கல்யாண விருந்துண்டவர்களில் ஐம்பது பேர் வாந்தியும் பேதியும் கண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. உடனே நமது நாட்டில் நடப்பது யாது? சமையற்காரனைப் பிடித்து அடைக்க வேண்டுமென்பார் சிலர். கடையை இழுத்து மூட வேண்டுமென்பார் சிலர். உத்தியோகஸ்தர்கள் நாலைந்து கடைகளுக்குச் சென்று, கெட்டுப்போன பண்டங்களைக் குழியிலே கொட்டி மண்ணிட்டு மூடுவார்கள். ஒரு வாரம் சென்றதும் அச்செய்தி மறைந்துபோகும். எந்தப் பண்டத்தால் வந்தது, எந்தக் கிருமியால் வந்தது, அக்கிருமி எவ்வழியாக அப்பண்டத்தில் புகுந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடையாது. விடையறியாத காரணத்தால் மற்றோர் ஊரில் மற்றொரு விருந்தில் அதே துயரம் மீண்டும் நேருகிறது.

இஃது அற்பமான விஷயமன்று. கெட்ட உணவால் உலகத்தில் ஆண்டுதோறும் 60 கோடி மக்கள் நோயுறுகின்றனர் என்றும், அவர்களில் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் மாளுகின்றனர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் கூறியது. மாண்டவர்களில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நமது தேசத்தையும் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியில் மட்டும் மரணம் 1 லட்சத்து 75 ஆயிரம் என்பது அதே மதிப்பீடு. ஒரு யுத்தத்தில் இத்தனை பேர் மடிந்தால் உலகம் அலறும். உணவால் மடிகிறவர்கள் ஒவ்வொருவராக, ஒவ்வொரு வீட்டில் மடிகிறார்கள். ஆகையால் ஓசை எழுவதில்லை.

இந்நோய்களின் மூலத்தைத் தேடுவது எவ்வளவு அருமையான காரியம், அதிலே அவசரப்பட்டால் விளையும் கேடு எத்தகையது என்பதை அறிய, 2011-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிகழ்ந்ததை நமது வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வைத்திய சாஸ்திரத்தில் முன்னணியில் நிற்கும் தேசம் அது. காலராக் கிருமியைத் தேடி 1883-ல் எகிப்துக்குச் சென்று, பின்னர் நமது கல்கத்தாவுக்கு வந்து, 1884-ல் அதனை நிர்ணயித்த ராபர்ட் கோக் என்னும் பேரறிஞர் பிறந்த தேசம். அவர் பெயரால் விளங்கும் ராபர்ட் கோக் ஸ்தாபனமே இன்றும் அத்தேசத்துத் தொற்றுநோய்களைக் கண்காணித்து வருகிறது. அத்தகைய நாடே மூன்று வார காலம் இருட்டில் தடுமாறியது.

2011 மே மாதம் 19-ஆம் தேதி, ஹாம்பர்க் நகரில் மூன்று குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெடும் கடுமையான வியாதி கண்டிருப்பதாக ராபர்ட் கோக் ஸ்தாபனத்துக்குத் தகவல் சென்றது. மறுநாளே ஆராய்ச்சியாளர்கள் அங்குச் சென்றனர். மூவர் என்று எண்ணிச் சென்றவர்கள் கண்டது பெருங்கூட்டத்தை. இரத்தபேதியுடன் தொடங்கும் அந்நோய் சிலருக்கு இரத்த அணுக்களைச் சிதைத்து, சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கிற்று. வழக்கமாகக் குழந்தைகளையே பிடிக்கும் அவ்வியாதி இம்முறை பெரியவர்களை, அவர்களிலும் பெண்களையே அதிகமாகப் பிடித்தது. அது அடங்கிற்றென்று ஜூலை 26-ஆம் தேதி அறிவித்தபோது, நோயுற்றவர் தொகை சுமார் 3,800. சிறுநீரகம் பழுதானவர்கள் 800-க்கு மேல். மாண்டவர்கள் 50-க்கு மேல்.

கிருமி இன்னதென்று கண்டுகொள்ள வெகுகாலம் செல்லவில்லை. ஈ.கோலை என்னும் இனத்தைச் சேர்ந்த, ஓ104:எச்4 என்ற குறியுடைய அபூர்வ வகை அது. ஈ.கோலை நம் ஒவ்வொருவர் குடலிலும் வாழ்வதே, பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் இவ்வகையோ, குடற்சுவரைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் குணத்தையும், ஷிகா என்னும் நஞ்சைச் சுரக்கும் குணத்தையும் ஒருங்கே பெற்றிருந்தது. கிருமி தெரிந்துவிட்டது, அது ஏறிவந்த வாகனம் தெரியவில்லை. எந்த உணவின் மூலமாக வந்தது?

நோயாளிகளை விசாரித்ததில் பச்சைத் தக்காளி, வெள்ளரிக்காய், கீரை இலைகள் ஆகியவற்றை உண்டதாகப் பலர் சொன்னார்கள். எனவே மே 25-ஆம் தேதி, வட ஜெர்மனியில் இம்மூன்றையும் பச்சையாக உண்ண வேண்டாமென்று ராபர்ட் கோக் ஸ்தாபனம் எச்சரித்தது. இதை நாம் குறை கூற மாட்டோம். நாள்தோறும் மக்கள் செத்துக்கொண்டிருக்கையில், முழு நிச்சயம் ஏற்படும்வரை வாய்மூடியிருப்பது தர்மமாகாது. சந்தேகத்தைச் சந்தேகமென்று கூறி எச்சரிப்பது சுகாதார இலாகாவின் கடமை.

ஆனால் மறுநாள் நடந்தது வேறு. சந்தையிலிருந்து எடுத்த வெள்ளரிக்காய்களில் நான்கில் நஞ்சு சுரக்கும் ஈ.கோலை இருப்பதாகவும், அவற்றுள் மூன்று ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்தவையென்றும் ஹாம்பர்க் மந்திரி பகிரங்கமாக அறிவித்தார். அவ்வளவுதான், ஐரோப்பா முழுவதும் ஸ்பானிய வெள்ளரிக்காய் கொலைகாரப் பண்டமாயிற்று. ஐந்து நாள் கழித்து, மே 31-ஆம் தேதி, நுட்பமான பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளரிக்காயில் இருந்த கிருமி வேறு, நோயாளிகளின் உடலில் இருந்த கிருமி வேறு!

இங்கே நிகழ்ந்த பிழையை நுணுகிப் பார்க்க வேண்டும். மந்திரி பொய் சொல்லவில்லை. வெள்ளரிக்காயில் ஏதோ ஒரு கிருமி இருக்கத்தான் இருந்தது. ஆனால் களவு நடந்த தெருவில் ஒரு திருடனைக் கண்டோம் என்பதால், அந்தக் களவைச் செய்தவன் அவனே என்று தீர்ப்பெழுதலாமா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நமது முன்னோர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அப்பழியைச் சுமந்தவர்கள் யார்? அண்டலூசியாவின் குடியானவர்கள். பறித்த காய்களை விற்க வழியின்றி அவர்கள் குப்பையிலே கொட்டினார்கள். வாரம் ஒன்றுக்கு 20 கோடி யூரோ நஷ்டமென்று அந்நாட்டு ஏற்றுமதியாளர் சங்கத்தார் கணக்கிட்டனர். ஜூன் 2-ஆம் தேதி ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலிருந்தும் பச்சைக் காய்கறி வருவதையே தடுத்துவிட்டது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விளைவித்தோர்க்கு நஷ்டஈடாக 21 கோடி யூரோ ஒதுக்க நேர்ந்தது. பணத்தை ஒருவாறு ஈடுசெய்யலாம்; வெள்ளரிக்காயைத் தொடர்ந்து சென்ற நாட்களில் உண்மையான குற்றவாளி தட்டுக்களில் பரிமாறப்பட்டு வந்ததற்கு ஈடு ஏது?

அந்த உண்மையான குற்றவாளியைப் பிடித்த விதமே இவ்வரலாற்றில் நாம் படித்துப் போற்றத்தக்க பகுதி. 'என்ன உண்டீர்கள்?' என்று நோயாளியைக் கேட்டால், பத்து நாளைக்கு முன் உண்டதை எவர் நினைவில் வைத்திருப்பார்? பெரிய பண்டம் நினைவிருக்கும். மேலே தூவிய சிறு அலங்காரம் நினைவிராது. ஆராய்ச்சியாளர்கள் யுக்தியை மாற்றினார்கள். லூபெக் நகரத்து உணவு விடுதி ஒன்றில் பலர் நோயுற்றிருந்தனர். அங்கே உண்ட கூட்டத்தாரிடம், 'எந்தப் பண்டத்தை வரவழைத்தீர்கள்?' என்று மட்டும் கேட்டார்கள். விலைச்சீட்டுகளையும், விருந்தினர் எடுத்துக்கொண்ட புகைப்படங்களையும் பார்த்தார்கள். பின்னர் சமையலறைக்குச் சென்று, ஒவ்வொரு பண்டத்திலும் என்னென்ன சேர்த்தீர்கள், எவ்வளவு சேர்த்தீர்கள் என்று சமையற்காரர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். உண்டவன் மறந்ததைச் சமைத்தவன் மறக்கவில்லை!

கணக்குப் போட்டபோது உண்மை துலங்கிற்று. முளைகட்டிய தானியங்கள் தூவிய பண்டத்தை உண்டவர்களுக்கு, உண்ணாதவர்களைவிட நோய் கண்டது 14 மடங்கு அதிகம். நோயுற்றவர் ஒவ்வொருவரும் முளைகளை உண்டவர்கள். ஆனால் முந்தைய விசாரணை ஒன்றில், நோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினரே முளைகளை உண்டதாக நினைவு கூறியிருந்தனர். மனித ஞாபகத்தை மட்டும் நம்பியிருந்தால் குற்றவாளி தப்பியே போயிருக்கும்.

அதே சமயத்தில் மற்றொரு குழுவினர் வியாபாரக் கணக்குகளைப் புரட்டினார்கள். நோயாளிகள் கூட்டங்கூட்டமாகத் தோன்றிய விடுதிகள், விருந்துகள், சிற்றுண்டிச்சாலைகள் ஆகியவற்றுக்குப் பண்டம் எங்கிருந்து வந்தது, அதை விற்றவன் எவனிடம் வாங்கினான் என்று படிப்படியாகப் பின்சென்றார்கள். வியாபாரத் தொடர்பு தெரிந்த 41 கூட்டங்களும் கீழ்ச் சாக்ஸனி மாகாணத்தில் பீனன்பூட்டல் என்ற ஊரிலுள்ள ஒரே முளைப்பண்ணையிற் சென்று முடிந்தன. ஜூன் 10-ஆம் தேதி சர்க்கார் ஸ்தாபனங்கள் முளைகளே காரணமென்று அறிவித்து, தக்காளி, வெள்ளரி, கீரை மூன்றையும் குற்றமற்றவை என்று விடுவித்தன.

விசாரணை இத்துடன் நின்றிருந்தால் அந்தப் பண்ணைக்காரரே பாதகர் என்று உலகம் முடிவு கட்டியிருக்கும். ஆனால் ஜூன் 24-ஆம் தேதி பிரான்சிலிருந்து ஒரு செய்தி வந்தது. போர்தோ நகரையடுத்த ஊரொன்றில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் உண்டவர்கள் அதே கிருமியால் நோயுற்றனர். அவர்கள் உண்டதும் முளைகளே. ஆனால் ஜெர்மானியப் பண்ணையில் விளைந்தவை அல்ல, உள்ளூரிலே முளைக்கவைத்தவை. அப்படியானால் குற்றம் பண்ணையில் தோன்றியதன்று, விதையோடு வந்தது என்றாகிறது. இரண்டு இடத்துக்கும் பொதுவான விதை எது? நமது அடுக்களையில் தினந்தோறும் புழங்கும் வெந்தயம்!

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனத்தார் கப்பல் கணக்குகளை ஆராய்ந்து, 2009-ல் எகிப்திலிருந்து வந்த 15 டன் வெந்தயச் சரக்கு ஒன்றே இரண்டு இடத்தையும் இணைக்கும் சங்கிலியாக இருக்கக்கூடுமென்று ஜூலை 5-ஆம் தேதி தெரிவித்தனர். எகிப்து இதை மறுத்தது. விதையைப் பரிசோதித்ததில் கிருமி அகப்படவில்லை. எவ்விடத்தில், எவ்விதம் அழுக்குச் சேர்ந்ததென்பதும் துலங்கவில்லை. எனவே அறிஞர்கள் 'இதுவே' என்று அடித்துச் சொல்லாமல் 'இதுவாக இருத்தல் பெரிதும் சாத்தியம்' என்று அளந்து சொன்னார்கள். மே மாதத்தில் மந்திரி பேசிய பேச்சுக்கும், ஜூலை மாதத்தில் அறிஞர் பேசிய பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

வெந்தயம் விஷமாகுமா என்று நமது தாய்மார் திகைக்க வேண்டுவதில்லை. நாம் அதனை ஊறவைத்து அரைத்தாலும் கொதிக்கும் கல்லின்மேல் தோசையாக வார்க்கிறோம், குழம்பில் தாளிக்கிறோம். தீயின் முன் இக்கிருமி நில்லாது. விதையை ஈரத்திலும் இளஞ்சூட்டிலும் சில நாள் வைத்து முளைக்கவைக்கும்போதோ, விதையுடன் கிருமியும் செழிக்கிறது, ஒன்று கோடியாகிறது. அதனைப் பின்னர்ப் பச்சையாகவே உண்பதில்தான் அபாயம். முளைப்பயறு தேகத்துக்கு நல்லதென்று இப்போது நகரங்களில் பச்சையாக உண்ணும் வழக்கம் பரவிவருகிறது. நல்லதுதான், ஆயினும் ஆவியில் ஒரு கொதி வேகவைத்து உண்பது அதனினும் நல்லது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இவ்வியாதிகளில் வெளித்தோற்றம் ஒன்றாயிருக்க, காரணம் முற்றிலும் வேறாக இருக்கும். 2013 ஜூலை 16-ஆம் தேதி பீகாரில் சாரண் ஜில்லாவைச் சேர்ந்த கண்டாமன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவுண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். அங்கே கொன்றது கிருமியன்று. சமையல் எண்ணெயில் கலந்திருந்த மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து. எண்ணெயின் வாடை சரியில்லையென்று சமைத்த பெண்மணியே சொன்னதாக அப்போதைய செய்திகள் கூறின, அவரும் நோயுற்றார். 2022 மே மாதத்தில் கேரளத்துக் காசர்கோட்டு ஜில்லாவில் ஷவர்மா உண்டு ஒரு மாணவி இறந்தபோது, பண்டத்தில் ஷிகெல்லா, சால்மொனெல்லா கிருமிகள் இருந்தனவென்று அம்மாகாண சர்க்கார் பரிசோதித்து அறிவித்தது. கிருமிக்குச் சிகிச்சை வேறு; பூச்சிமருந்துக்கு மாற்று வேறு. காரணத்தை மணிக்கணக்கில் அறிந்தால் உயிர் பிழைக்கும். நாட்கணக்கில் அறிந்தால் பிரேதப் பரிசோதனைக்கே அவ்வறிவு பயன்படும்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2006-ல் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. உணவு விஷமான சம்பவங்களைத் தெரிவிக்கும்படி வைத்தியர்களுக்கு உத்தரவிட அதன் 35-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கெட்ட உணவால் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் நஷ்டஈடு அளிக்க 65-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. வியாதிகள் கூட்டமாகத் தோன்றுவதைக் கண்காணிக்கும் திட்டம் 2004 முதல் நடந்துவருகிறது. தமிழ்நாட்டு சர்க்கார் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததும் நாம் அறிந்ததே. ஏட்டில் குறைவில்லை. ஏட்டுக்கும் எச்சிலிலைக்கும் இடையிலுள்ள தூரமே குறை.

அத்தூரத்தைக் குறைக்க நான்கு காரியங்கள் வேண்டும். முதலாவது, தகவல் விரைந்து செல்ல வேண்டும். ஜெர்மனியிலேயே உள்ளூர்ச் சுகாதார நிலையத்திலிருந்து தலைமை ஸ்தாபனத்துக்குச் செய்தி சேர நாள் பல ஆயிற்று; அந்த அனுபவத்தின் பின் 2013-ல் சட்டத்தைத் திருத்தி அக்காலத்தைச் சுருக்கினார்கள். இங்கே தாலுகா ஆஸ்பத்திரி வைத்தியர் ஒருவர் ஒரே நாளில் பத்துப் பேதி நோயாளிகளைக் கண்டால், அன்றே ஜில்லாவுக்குத் தெரிவிக்கும் பழக்கம் வேரூன்ற வேண்டும். இரண்டாவது, எடுத்த மாதிரி கெடுமுன் சென்று சேரும் தூரத்தில் பரிசோதனைச்சாலை இருக்க வேண்டும். மாதிரி வெயிலில் பஸ் ஏறிப் பிரயாணம் செய்தால், பரிசோதனையில் காணப்படுவது விருந்தின் கிருமியா, வழியின் கிருமியா?

மூன்றாவது, சரக்கு எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்ற கணக்கு ஒவ்வொரு வியாபாரியிடமும் இருத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் முளைகளுக்கும் அவற்றின் விதைகளுக்குமே தனிவிதி இயற்றி, இக்கணக்கைக் கட்டாயமாக்கியது. எளிய வியாபாரிக்கு இது சுமையென்பர் சிலர். அல்ல, அதுவே அவனுக்குக் கவசம். கணக்குள்ள சிறு கடைக்காரன், 'குற்றம் என்னுடையதன்று. இதோ நான் வாங்கிய இடம்' என்று காட்டித் தப்புவான். கணக்கில்லாதவன் பெரிய முதலாளியின் பாவத்தைத் தன் தலையில் சுமப்பான். நான்காவது, அதிகாரிகள் பேசுவதில் வாய்மையும் அளவும் வேண்டும். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், ஐயத்தை ஐயமென்றும் சொல்ல வேண்டும். தவறாகக் கூறியிருந்தால், எவ்வளவு உரக்கக் கூறினார்களோ அவ்வளவு உரக்கத் திருத்த வேண்டும். பத்திரிகைகளாகிய எமக்கும் இந்நியதி பொருந்தும்.

பொதுத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கும் இங்கே வேலை உண்டு. மாநாடு, திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் ஆகியவற்றில் ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறிடுபவர்கள் அவர்களே. கை கழுவல், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், உள்வரை நன்றாக வேகவைத்தல், சூடாக வைப்பதைச் சூடாகவும் குளிரவைப்பதைக் குளிரவும் காத்தல், சுத்தமான நீரும் சரக்கும் கொள்ளல் என்று உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து விதிகளை வகுத்திருக்கிறது. சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் கிடக்கலாகாது. விடியற்காலையில் வடித்த சோறு பெரிய அண்டாவில் மத்தியானம்வரை வெதுவெதுப்பாய்க் கிடப்பது கிருமிகளுக்கு வைத்த விருந்து. மறுபடி சூடுபண்ணினால் எல்லாம் சரியாகுமென்ற நம்பிக்கையும் பிழை; சில கிருமிகள் கக்கிவைத்த நஞ்சு கொதித்தாலும் சாகாது.

அவ்வளவு ஜாக்கிரதையையும் மீறி நோய் கண்டுவிட்டால் செய்யத்தக்கது யாது? மிச்சத்தைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிவைத்து மானத்தைக் காக்க முயல்வதே வழக்கம். அதுதான் பெருந்தீங்கு. ஒவ்வொரு பண்டத்திலும் சிறிது எடுத்து மூடிக் குளிரில் வையுங்கள். உண்டவர் பெயர்களையும், நோயுற்றவர் பெயர்களோடு நோயுறாதவர் பெயர்களையும் எழுதுங்கள். நோயுறாதவன் எதை உண்ணவில்லை என்பதே பல சமயம் உண்மையைக் காட்டும் விளக்கு. சமையற்காரரை மிரட்டாதீர்கள், மிரண்டவன் மறைப்பான், மறைத்தால் நோயின் மூலம் மறையும். லூபெக் நகரத்தில் ஆயிரம் உயிர்களுக்கு உதவிய சாட்சி ஒரு சமையலறையிலிருந்தே வந்தது.

ஸ்பானியக் குடியானவனுக்கு ஒரு சர்க்கார் இருந்தது. அவனுக்காக வாதாடியது, நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தது. நமது நாட்டிலே வீண்பழி சுமக்கும் கூலிச் சமையற்காரனுக்காகவும், தெருவோரத்துக் கிழவிக்காகவும் வாதாடுவோர் யார்? மெய்க்காரணத்தைக் கண்டுபிடித்தல் ஒன்றே அவர்களுக்கு வக்கீல். இலையின்முன் நம்பிக்கையோடு உட்காருகிற குழந்தைக்கும் அதுவே காவல். தண்டிக்கும் வேகத்தில் பாதியைத் தேடுவதில் காட்டினால், தண்டிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் ஏற்படாது.